வளைவில் சிக்கிய கட்டில்

கொல்லயில் ஊரில் எங்கள் வீட்டுக்குப் போகும் இடைவழி வருடா வருடம் ஒடுங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கையாலைகள், மண் மதில்கள். மழை ஓய்ந்ததும், கரைந்த கையாலைக்கு மண் வைத்துப் பூசுவது வழக்கம். அந்த மண்ணை எங்கிருந்து எடுப்பது? சொந்த விளையில், தென்னையும் மரச்சீனியும் நிற்கும் தோட்டத்தில், தோண்ட யாருக்கு மனது வரும்? வழியில் வெட்டி, வழிப் பக்கமாகவே அப்புவார்கள். வழி பள்ளமாகும், அப்பியவரின் விளை எல்லை கொஞ்சம் வழிக்குள் நகரும். ஒருவர் செய்தால் கைவைத்துவிட்டான் என்பார்கள். எல்லோரும் செய்ததால் அதற்குக் கையாலை வேலை என்று பெயர்.

அந்த வழியில்தான் என் முதல் பிள்ளை போனது. பேறுவலி முற்றியதும் கட்டிலில் கிடத்தி, மூங்கில் கட்டித் தூக்கினார்கள். வண்டி ரோட்டில் காத்து நின்றது. பாதி வழியில் ஒரு வளைவு. கட்டில் அதில் திரும்பவே இல்லை. வந்த வழியே திரும்பி, வயல் வரப்பில் சுற்றி, சகதியில் வழுக்கி வழுக்கி வண்டியை எட்டி, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் பிழைத்தேன். பிள்ளையை எனக்குக் காட்டக்கூட இல்லை.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். திருவனந்தபுரத்தின் ஆட்சியில் இருந்த தென் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேருமா, சேர்ந்தால் அதில் நாங்கள் உண்டா என்பதுதான் எங்கும் பேச்சு. ஊரை வளர்க்க ஒரு கமிட்டியும் இருந்தது. எல்லை தீர்ந்ததும் சந்தை எங்கே வரவேண்டும், பள்ளிக்கூடம் எங்கே, பஸ் எங்கே நிற்கவேண்டும் என்று சாயாக்கடை வாசலில் குச்சியால் கோடு கிழித்துத் திட்டம் போடுவார்கள். சந்தை எப்போதும் அடுத்தவன் விளையில்தான் வரும். இடைவழியை அகலமாக்க நிலம் விட்டால் கல் பரப்பித் தருவதாகப் பஞ்சாயத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சு எடுத்தால் மட்டும் கமிட்டிக்காரர்களுக்குச் சாயா ஆறிவிடும்.

வளைவின் கிழக்குக் கையாலை தமிழ்நாட்டுக்காகக் கொடி பிடித்த மாமாவுடையது. மேற்குக் கையாலை, திருவனந்தபுரத்தை விட்டுப் போகமாட்டோம் என்ற மாமாவுடையது. இருவரும் என் கணவருக்குத் தூரத்து உறவு. தங்களுக்குள் பேசி நாளாகிவிட்டது. ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் ஒரே வாய்: "எல்லை தீரட்டு, பிறவு பாப்போம்." இன்று நிலத்தை விட்டால், நாளைக்கு வருகிற சர்க்கார் மறுபடி அளந்து மிச்சத்தையும் எடுத்துவிடும் என்று பயம்.

நான் மறுபடி உண்டானேன். என் வயிறு எல்லை தீரும்வரை காத்திருக்காது. இரண்டு வீட்டிலும் போய்க் கேட்டேன். இருவரும் சாயா கொடுத்தார்கள். அவன் முதலில் வெட்டட்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். பிறகு அழுததற்காக என் மேலேயே கோபம் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டில் சுமக்கக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. வெட்டுக்குத்து நடந்த வீட்டிலிருந்துகூட வந்து தோள் கொடுப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு மாமாக்களையும் கூப்பிட ஆள் அனுப்பினேன். பதறி வந்தார்கள். தலை சீவி, நல்ல சேலை உடுத்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நோவு ஒன்றும் இல்லை, நோவு வரும்போது என்ன ஆகும் என்று இப்போதே சுமந்து பார்த்துவிடுவோம் என்றேன். கிழக்குவீட்டு மாமாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் கூப்பிட்ட கட்டிலைத் தொடாமல் எப்படித் திரும்புவது? இரண்டு மாமாக்களும் முன்னால், என் கணவரும் கொழுந்தனும் பின்னால். தூக்கினார்கள்.

வளைவில் கட்டில் சிக்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"எறங்கு மக்கா" என்றார் கிழக்குவீட்டு மாமா.

"எறங்கு மோளே" என்றார் மேற்குவீட்டு மாமா.

"எறங்க மாட்டேன்" என்றேன். "அன்னைக்கு நான் எறங்கி நடக்க முடியாமத்தானே கெடந்தேன். இந்த எடத்தில போனது என் பிள்ளையாக்கும். கட்டில உடைக்கணுமா, கையாலய உடைக்கணுமா, ரெண்டுபேரும் பேசிச் சொல்லுங்க."

வெயில் ஏறியது. தோள் வலித்திருக்கும். நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் மேற்குவீட்டு மாமா ஒரு கையால் மூங்கிலைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் தன் கையாலையின் மண்ணைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் கிழக்குவீட்டு மாமா மண்வெட்டி கொண்டுவரச் சொல்லித் தன் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

கட்டிலை விடுவித்த பிறகும் வெட்டு நிற்கவில்லை. வெட்ட வெட்ட மண் அடுக்கடுக்காக உதிர்ந்தது, ஒவ்வொரு வருடப் பூச்சும் ஓர் அடுக்கு. எல்லாம் உதிர்ந்ததும் உள்ளே பாசி பிடித்த கருங்கல் தெரிந்தது. அவர்களுடைய அப்பாமார் கட்டிய பழைய கையாலை. இரண்டு பக்கமும் ஒரு கை நீளத்துக்கு மேல் உள்ளே இருந்தது. வண்டி போகும் அகலம் முன்பே இருந்திருக்கிறது. இரண்டு மாமாக்களும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. யாரும் நிலம் விடவேண்டியிருக்கவில்லை, எடுத்ததைத் திருப்பி வைத்தால் போதும் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அதற்குமேல் மற்ற வீட்டுக்காரர்கள் என்ன சாக்கு சொல்வார்கள்? ரோடு வரைக்கும் ஒவ்வொருவராகப் பழைய கல்வரை வெட்டினார்கள். பஞ்சாயத்தும் சொன்னபடி கல் பரப்பியது.

வலி வந்த அன்று வில்வண்டி எங்கள் முற்றத்துக்கே வந்தது. அந்த வளைவைக் கடக்கும்போது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மாதக்கணக்காக நினைத்திருந்தேன். வலியில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கொஞ்சம் தணிந்தபோது, வளைவு வந்தாச்சா என்று கணவரிடம் கேட்டேன்.

"அது அப்பவே போயாச்சு" என்றார்.

அன்று மாலை மகள் பிறந்தாள். எல்லை அப்போதும் தீர்ந்திருக்கவில்லை.