பச்சைப் பொட்டலமும் குவெய்யின் இரண்டு கைகளும்

கோங் சியூ-குவெய் பிறந்தபோது கைகாலை உதறவே இல்லை என்பார்கள். தொப்புள்கொடியை அறுத்து முடிக்கும்வரை அசையாமல் ஒத்துழைத்தாளாம். நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அவள் கணினிச் சர்வருக்குள் கையை விடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் நம்புகிறேன். எங்கள் யீலான் கரையில் எங்கே சர்வர் படுத்தாலும் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். அவளை மதிக்காத ஒரே ஆள் அவள் கணவன் ஆ-ஹோங், மீன்பிடிப் படகுக்காரன்.

"நீ தொடுறது பொம்மை, நான் தொடுறது கடல்" என்பான்.

போன ஆகஸ்டில் ஒரு காலை, துறைமுக மீன் ஏலக்கூடத்துச் சர்வர் எழுந்திருக்கவில்லை. அதன் மூளையான பிராசசர் போய்விட்டது. எடை, விலைப்பலகை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மூன்று மணிக்குப் படகுகள் வந்துவிடும். அந்த வெயிலில் கானாங்கெளுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தால் துறைமுகத்துப் பூனைகளே மூக்கைப் பொத்திக்கொள்ளும். தைப்பேயிலிருந்து ரயிலில் புதுப் பிராசசர் வந்தது; ஒன்றரை மணிக்குக் குவெய்யும் வந்தாள்.

சர்வரின் தலையில், எங்கள் தீவில் எல்லா இயந்திரத்தின் தலையிலும் இருப்பதுபோல, சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருந்தது; அது இருந்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும் என்பது நம்பிக்கை. பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் வைத்தால் இயந்திரம் கோளாறுக்கான மஞ்சள் விளக்கைக் காட்டும். பிரிக்கக் கூடாது. காலாவதித் தேதியும் தாண்டக் கூடாது. ஏலக்கூடத்து எழுத்தர் லான் வென்-து மனைவியின் பிறந்தநாளை மறப்பார். பொட்டலத்துத் தேதியை மறந்ததில்லை.

"அண்ணே, பொட்டலத்தை எடுத்து மேசைல வைங்க" என்றாள் குவெய்.

"எடுக்கவா? அது இல்லாம இது ஒரு நிமிஷம் இருந்ததில்ல!"

"அது இருந்தும்தானே செத்துச்சு?"

"செத்துச்சுன்னு சொல்லாத தங்கச்சி, காதுல விழுந்துடப் போகுது."

குவெய் இரண்டு மின்கம்பிகளையும் பிடுங்கினாள். மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் மறுமுனையைச் சர்வரின் இரும்புச் சட்டத்தில் கொக்கியிட்டாள். உடம்பில் இருக்கும் மின்சாரம் அந்த வழியாகப் போய்விடும். சூட்டை இழுக்கும் அலுமினியக் கட்டியின் நான்கு திருகுகளை, எண் போட்ட வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். நேராக மேலே தூக்கினாள். பழைய பிராசசர் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழே, சர்வரின் தாய்ப்பலகையில், தலைமுடியைவிட மெல்லிய ஊசிகள், நாலாயிரத்துக்கும் மேலே. ஒன்று வளைந்தாலும் பலகையே வீண். மாற்றுப் பலகை வர ஒரு வாரம். உடனே ஊசிகளின் மேல் மூடியை வைத்தாள். பழையதைக் கழற்றி, காய்ந்த பசையைத் துடைத்தாள், சூட்டைக் கடத்தும் புதுப் பசை வைத்தாள், புதுப் பிராசசரை ஓரத்தில் மட்டும் பிடித்துக் கட்டியில் பொருத்தினாள். பிறகு மூடியை எடுத்துவிட்டு, கட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து வென்-துவுக்குப் பொறுக்கவில்லை. மூளை இல்லாமல் திறந்து கிடக்கிறதே, துணைக்கு இருக்கட்டும் என்று பச்சைப் பொட்டலத்தை அந்த ஊசிகளுக்கு நேரே நீட்டினார்.

குவெய்யின் கைகள் இரண்டும் நிறைந்திருந்தன. வாய் மட்டும்தான் சும்மா இருந்தது.

"அண்ணேஏஏ! தொடாத!"

ஏலக்கூடத்து நாற்பது தராசுகளும் தானாக ஒரு கிலோ காட்டின. வென்-து சிலையானார். பொட்டலம் ஊசிகளுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"அப்படியே... மெதுவா பின்னால போங்க. பிளாஸ்டிக் அண்ணே. உரசினா மின்சாரம் குதிக்கும். மூலை பட்டா ஊசி வளையும்."

"இது காக்குற பொட்டலம்மா!"

"தூரமா நின்னு காக்கட்டும்."

அவர் இரண்டடி பின்வாங்கிய பிறகுதான் குவெய் மூச்சு விட்டாள். முக்கோணக் குறி பொருந்துகிறதா என்று பார்த்து, அழுத்தாமல், கட்டியைச் சமமாக இறக்கினாள். திருகுகளை வரிசைப்படி முடுக்கினாள். பெட்டியை மூடி மின்சாரம் கொடுத்தாள். விசிறிகள் ஊளையிட்டன. திரை கறுப்பாகவே இருந்தது.

"பாத்தியா? கோவிச்சுக்கிச்சு" என்றார் வென்-து, அழாத குறையாக.

குவெய், புதுப் பிராசசர் வந்த புகைநிற உறைக்குள் பொட்டலத்தைப் போட்டு அவரிடம் கொடுத்தாள். "இதுல போட்டா மின்சாரம் குதிக்காது. பச்சையும் தெரியும். இப்போ மேல வைங்க."

இரண்டே முக்காலுக்கே ஆ-ஹோங் மீன் வாடையோடு உள்ளே வந்தான்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் குவெய்.

"எட்டு மைல் தள்ளி உன் சத்தம் கேட்டுச்சு. நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு எஞ்சினை முழுசா முடுக்கிட்டேன்." கறுப்புத் திரையைப் பார்த்தான். "பொம்மை இன்னும் தூங்குதா?"

"புது மூளை. நினைவையெல்லாம் ஒவ்வொண்ணா தட்டிப் பாக்குது. வாயை மூடிட்டு உக்காரு."

உட்கார்ந்தான். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அது ஒரு சாதனை. வெளியே மற்றப் படகுகள் கரை தட்டின; கூடைகள் இறங்கின. அவன் உட்கார்ந்த ஏழாவது நிமிடம் விசிறிகள் குரலைத் தாழ்த்தின. பச்சை விளக்கு எரிந்தது. விலைப்பலகையில் முதல் எடை ஏறியது, ஆ-ஹோங்கின் படகுக் கூடைதான்.

வென்-து பொட்டலத்தைக் கும்பிட்டார். குவெய் தடுக்கவில்லை. மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிச் சுருட்டினாள். பிறந்ததிலிருந்து அசையாத அந்தக் கைகள் இப்போது இலேசாக நடுங்கின. ஆ-ஹோங் அதைப் பார்த்தான். வெளியே போய், கூடையிலேயே கொழுத்த மீன் இரண்டை எடுத்து வந்து அவள் ஸ்கூட்டரில் மாட்டினான்.

"ராத்திரி நான் சமைக்கறேன்" என்றான். "நீ கையை வச்சிட்டு சும்மா இரு."