அப்பாவின் கார் சத்தம்

நேற்று எங்கள் தெருவில் யாரோ ஒரு பழைய பைக்கின் கார்பரேட்டரைக் கழற்றி பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை என்னை இருபது வருஷத்துக்கு முந்தைய பம்மல் வீட்டின் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்விட்டது. வீடும் கொட்டகையும் இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடி எழும்பிவிட்டது.

அப்பாவின் பழைய கறுப்புக் கார் அந்தக் கொட்டகையில்தான் நிற்கும். தினமும் காலையில் அவர் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்ப, வண்டி இருமி, தகரமெல்லாம் அதிர, பிறகு மெல்ல அடங்கிச் சீராக உறுமும். பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றத்தோடு பெட்ரோல் புகையும் கலந்து போர்வைக்குள் நுழையும்போதுதான் நானும் தம்பியும் கண் விழிப்போம். அப்பா இறந்தபின் எட்டு மாதம் அந்தச் சத்தமே இல்லை.

விற்பதற்கு முன் வண்டியை ஓடவைக்க வேண்டுமென்று ஒரு காலையில் அம்மா மெக்கானிக் பாயை அழைத்துவந்தாள்.

"சோக்கு ஒயரு துரு புட்ச்சி ஜாமாயி கீதுக்கா," என்றவர், ஒயரை மாற்றி, ஒட்டிக்கிடந்த தகட்டைத் துடைத்து, கொஞ்சம் பெட்ரோலும் ஊற்றினார். "இப்போ இழுத்துப் பாருங்க."

அம்மா இழுத்துச் சாவியைத் திருப்பினாள். வண்டி இருமியது, அதிர்ந்தது, அடங்கிச் சீராக உறுமியது.

உள்ளே தூங்கிக்கொண்டிருந்த தம்பி ஓடிவந்து, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டான். அவனுக்கு நான்கு வயது. அப்பா ஊருக்குப் போயிருப்பதாகத்தான் சொல்லிவைத்திருந்தோம்.

அம்மா அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பாய் சற்றுத் தள்ளிப்போய் நின்றார். பெட்ரோல் தீர்ந்து தானாக நிற்கும்வரை வண்டியை யாரும் அணைக்கவில்லை.