மூன்று பீப்

கல்யாணமாகி ஏழு வாரம் வரைக்கும் என் மாமனார் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அவர் மாமியைப் பார்த்து, "அவவுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விடுமன்" என்பார். தேங்காய்ப்பால் சொதி நேராக என் தட்டுக்கு வரும். பேச்சு மட்டும் மாமியைச் சுற்றிக்கொண்டு வரும். முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். உரிய வழியில் வராத எதையும் கையால் தொடமாட்டார்.

நான்தான் உரிய வழியில் வரவில்லை. அவர்கள் தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் லோரி ஓட்டுகிறவரின் மகள். அவர் மகனும் நானும் காதலித்தோம், கல்யாணம் செய்துகொண்டோம். மாமனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாழ்த்தினார், புகைப்படத்துக்கு நின்றார், அதோடு சரி.

அந்த வீட்டில் எனக்கென்று ஒரே ஒரு மரியாதை இருந்தது. கிள்ளானில் இரண்டு வருடம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அது பெரிய விஷயம். வாசலுக்கு வரும் தபால்காரரிடம் மாமனார், "மருமகள் கம்ப்யூட்டர் படிச்சவ" என்று சொல்வது சமையலறை வரைக்கும் கேட்கும். எனக்குத் தலைகால் புரியாது. கையிலிருக்கும் கரண்டியோடேயே ஒரு சுற்று ஆடிவிடலாம் போல இருக்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டர் என் கணவர் வாங்கியது. மாமனார் ஓய்வு பெற்ற மறுநாளே அதைக் கைப்பற்றிவிட்டார். நகராண்மைக்கு வாரம் மூன்று புகார்க் கடிதம் அதில்தான் பிறக்கும். அடைத்த வடிகால், எரியாத தெருவிளக்கு, நிற்காமல் போகும் பஸ். ஆனால் பெட்டி ஆமை. பிரிண்ட் கொடுத்துவிட்டு அவர் குளித்து விபூதி பூசி வருவதற்கும் முதல் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கும் சரியாக இருக்கும். "இன்னொரு மெமரி போட்டா பறக்கும் மாமி" என்று நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் கணவர் இம்பி பக்கம் கம்ப்யூட்டர் கடைகளுக்குப் போய் மெமரி வாங்கி வந்தார். விரல் நீளத்தில் ஒரு பச்சைப் பட்டை, மேலே கறுப்புச் சில்லுகள், கீழ் விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்தேன். பெட்டியைத் திறந்து பழைய மெமரியையும் கழற்றி, இரண்டும் ஒரே வகைதானா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சரியாக அப்போது மாமி மீன் குழம்புக்கு உப்புப் பார்க்கக் கூப்பிட்டார். கணவர் குளிக்கப் போய்விட்டார். உப்பு, பிறகு புளி, பிறகு பக்கத்து வீட்டுக் கதை என்று பத்து நிமிடம் ஆகிவிட்டது.

திரும்பி வந்து இரண்டையும் பள்ளத்தில் சாய்த்துச் செருகி நிமிர்த்தினேன். டிக் டிக் என்று பிடித்துக்கொண்டன. எல்லாரும் பார்க்கும்படி கொஞ்சம் ஜம்பமாகவே பொத்தானை அழுத்தினேன்.

பீப், பீப், பீப். திரை கறுப்பு.

புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் போட்டேன். மூன்று பீப். பள்ளத்தை மாற்றிப் போட்டேன். மூன்று பீப். அங்கேதான் எனக்கு வியர்த்தது. மூன்று பீப் என்றால் மெமரியில் கோளாறு என்று வகுப்பில் படித்திருந்தேன். புதியது கெட்டுப்போய் வந்திருக்கலாம். காலையில் ஓடிய பழையது எப்படிச் செத்தது? உள்ளே கை வைக்கும் முன் இரும்பைத் தொட வேண்டும், இல்லையென்றால் உடம்பிலிருக்கும் மின்சாரமே சில்லைப் பொசுக்கிவிடும் என்று ஆசிரியர் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார். ஜம்பத்தில் அதை மறந்துவிட்டேன். இரண்டையும் நானே கொன்றுவிட்டேன் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டர் படித்தவள் என்ற பெயரும் அதோடு போய்ச் சேர்ந்தது. இனி அந்த வீட்டில் நான் யார்?

"கடைக்கே கொண்டு போயிடலாம் லா" என்றார் கணவர். மாட்டேன் என்றேன். வேறொருவன் கை வைத்துச் சரியானால் அதைவிட அவமானம் வேறு இல்லை.

கூடத்தில் மாமனார் அரைமணி நேரமாகப் பேப்பரில் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "அவவைத் தேத்தண்ணி குடிக்கச் சொல்லும்" என்று மாமிக்கு உத்தரவு மட்டும் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது எனக்கு.

பொசுங்கியிருந்தால் நாற்றம் வருமே என்று பழைய மெமரியை எடுத்து மூக்கில் வைத்தேன். கோயில் வாசம் வந்தது. புதியதை மோந்தேன். அதிலும் கோயில். கணவர் மூக்கில் வைத்தேன். "சந்தனம்" என்றார்.

ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். தங்கப் பற்களின் மேல், இந்தக் கோடியில் ஒரு பொட்டு, அந்தக் கோடியில் ஒரு பொட்டு. தங்க நிறத்தின் மேல் மஞ்சள் சந்தனம், காய்ந்து பொருக்காகி இருந்தது, எப்படித் தெரியும்? பழையதற்கு ஒன்று கூட, புதியதற்கு ஒன்று குறைய என்றில்லை. இரண்டுக்கும் சமமாக வைத்திருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள்? என் அப்பா லோரிக்கு மட்டுமில்லை, டிவிக்கும் ஐஸ் பெட்டிக்கும் பொட்டு வைப்பார் என்று வந்த புதிதில் நானே சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தேன். "உங்கட வீட்டுப் பழக்கம்தானே பிள்ளை, பரவாயில்லை" என்றார் மாமி, பாவம், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி என்னோடு சமையலறையில் இருந்தார். கணவர் குளித்துக்கொண்டிருந்தார். மீதி யார் என்று எண்ண விரல்கூடத் தேவையில்லை. அவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது? "நான்தான் போல மாமி, தெரியாம வச்சிட்டேன்" என்றேன்.

கூடத்தில் பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது. மாமனார் எழுந்து வந்து மேசைக்கு எதிரில் நின்றார். மாமியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"இந்த வீட்டிலை நீர் முதன்முதலாச் செய்யிற வேலை, பிள்ளை. நல்லா வரோணும் எண்டு நான்தான் சந்தனம் வைச்சனான்."

என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தைகள் அவை. "ஏன் மாமா பல்லு மேல வச்சீங்க?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். சில்லின் மேல் எண்ணும் எழுத்தும் அச்சடித்திருக்கிறதாம். "எழுத்தை மறைக்கிறது சரியில்லைத்தானே?"

அவ்வளவுதான். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் அடைத்தேன், நிற்கவில்லை. மாமி பிடித்துக்கொண்டார், கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அவரே, அந்தத் தலைமைக் குமாஸ்தாவே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு குலுங்கினார்.

மின்சாரம் போகும் வழி அந்தப் பற்கள்தான், அழிரப்பரால் தேய்த்தால் போதும், அதுவும் வகுப்பில் படித்ததுதான் என்று சொன்னேன். அழிரப்பருக்கா அந்த வீட்டில் பஞ்சம்? மேசை இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து அவரே உட்கார்ந்து, படிவம் நிரப்புவதுபோல் கோட்டைத் தாண்டாமல், ஒரு பல்லை விடாமல் தேய்த்தார். தூளை ஊதினார். பேப்பரைத் தாண்டிக் கையை நீட்டி இரண்டையும் என்னிடமே கொடுத்தார். இந்தத் தடவை இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் செருகினேன்.

ஒரே ஒரு பீப். திரையில் எண்கள் மளமளவென்று ஏறின. அவர் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கப் பார்த்து, தொடர முடியாமல் விட்டுவிட்டார். "ஓடுது பிள்ளை" என்றார், என்னமோ எனக்குத் தெரியாததுபோல.

மறுநாள் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, வடிகால் கடிதத்தின் மூன்றாம் பத்தியில் சூடு போதுமா என்று கேட்டு வந்து நின்றார். அதன் பிறகு அந்த மனிதர் வாயை மூடவே இல்லை. நான் எப்போது பெட்டியைத் திறக்க உட்கார்ந்தாலும், மோதிர விரல் நுனியில் சந்தனத்தோடு வந்து, "எங்கை வைக்கலாம் பிள்ளை?" என்பார். பெட்டியின் முதுகைக் காட்டுவேன். அவர் வைத்து முடிக்கும்வரை நான் ஸ்க்ரூடிரைவரைத் தொடமாட்டேன்.