கொட்டாத தண்ணீர்

கிரோனெம் இருபத்திரண்டு வருஷமாக நேமன் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமக்கிறவன். மேட்டுத் தெருவில் அவன் நிரப்பாத பீப்பாய் கிடையாது. அந்தக் கோடையில் விஷக்காய்ச்சல் வந்ததும் வந்தது, அவன் இடுப்பு ஒடிந்தது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டிலும், இரண்டு பக்கமும் மும்மூன்று வீடுகளிலும் இருக்கிற தண்ணீரையெல்லாம் வாசலில் கொட்டிவிட வேண்டும். உயிரை எடுத்த சங்காரத் தூதன் தன் கத்தியை அதில் அலசிவிட்டுத்தான் போவான்; அதைக் குடித்தவன் அடுத்த ஆள். கொட்டுவது சுலபம். நிரப்புவது யார்?

"பாதாளத்துக்கு ஆள் பிடிக்கிறவன் தண்ணியையும் கையோட கொண்டாந்தா என்னவாம்?" என்று புலம்புவான். யூதர்களின் ஜெப ஆலயத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவனுக்குச் சிரிப்பு வராது. தூதனை அவன் நிஜமாகவே நம்பினான்.

புதன்கிழமையோடு அவன் மனைவி ஹோடெ காய்ச்சலில் விழுந்து மூன்று நாள். மத்தியானம் அவளுக்கென்றே ஒரு வாளி கொண்டுவந்து இறக்கினான். தோள் இரண்டும் கழன்றுவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பெஷா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"கிரோனெம் அண்ணே! எங்க மாமனார் போயிட்டாரு. தண்ணியக் கொட்டிடுங்க!"

"அடக் கடவுளே... சரிம்மா, கொட்டிடறேன்."

தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் சளசளவென்று விழுந்தது. அவன் வாளியைப் பார்த்தபடி நின்றான். ஆறு எங்கேயோ கிடந்தது. கால் வரமாட்டேன் என்றது. உள்ளேயிருந்து ஹோடெ, "தண்ணி" என்றாள். தன்னை நினைத்தே வெட்கமாக இருந்தது அவனுக்கு. ஆனாலும் ஒரு குவளை மொண்டு எடுத்துப் போனான்.

அவள் உதட்டருகே கொண்டுபோன குவளையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இரு, வேற கொண்டாரேன். இதுல தூசி விழுந்துருச்சு."

"உனக்குப் பொய் சொல்லவே வராதுய்யா. எல்லா வீட்லயும் கொட்டுற சத்தம் கேட்டுச்சு. நம்ம வீட்ல கேக்கல."

"தெரியுதுல்ல? அப்ப குடிக்காதடி! ஒரு எட்டு ஆத்துக்குப் போயிட்டு..."

"உன் காலப் பாத்தியா? பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. இப்ப போனா நீ திரும்பி வரமாட்ட. குடு இப்படி."

நோயாளிக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வந்ததோ, குவளையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"வரவன் வரட்டும்," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. "அதுவரைக்கும் நீ கொஞ்சம் உக்காரு."

கிரோனெம் கட்டிலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். இருட்டும்வரை அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் அவன் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை.