கௌப்பி வேகாத வெள்ளிக்கிழமை

1985 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை என்று திகதியிட்ட ஒரு கடிதத்தாள் என்னிடம் இருக்கிறது. "சிவப்பு அவரையை இரவு முழுக்க ஊறவிடவும். விரலால் நசித்தால் மாவாகும்வரை அவித்து, சீனி போட்டுக் கிண்டவும். ஒட்டும் அரிசிமாவை ஆவியில் அவித்துப் பிசைந்து, அதற்குள் வைத்து உருட்டவும். இங்கே வீடுகளில் செய்கிறார்கள். பிள்ளையும் செய்து பார்க்கட்டும்."

எழுதியவர் யப்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். பிள்ளை என்றது என்னை. அவரை எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். தாள் முதலில் அவருடைய தாயாரிடம் போய், அங்கிருந்து புங்குடுதீவில் எங்கள் வீட்டுக்கு வந்தது. செப்டெம்பர் 27, வெள்ளிக்கிழமை அவருடைய தாயாரும் சின்னம்மாவும் பொம்பிளை பார்க்க வருவார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது.

எனக்கு அந்தக் கலியாணத்தில் விருப்பமில்லை. வேலணையில் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். ஆமிக் கெடுபிடியில், கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதி வீதியால் பஸ் ஓடாத நாட்கள் கூடியதும், "பொம்பிளைப் பிள்ளை உயிரோடை இருந்தால் காணும்" என்று ஐயா வேலையை நிற்பாட்டிவிட்டார். ஜூன் மாதத்திலிருந்து படலைக்கு வெளியே நான் போனது கோயிலுக்கும் கிணற்றுக்கும் மட்டும்தான். எனக்கு மிச்சமிருந்த வழி, கண்ணால் காணாத ஒருவரோடு ஒற்றை அறையில் குடியிருக்கப் போவது. அந்த அறையைப் பற்றியும் எழுதியிருந்தார். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"எனக்கு ஏலாதம்மா."

"என்ன ஏலாது? மோதகம் பிடிக்கிற உனக்கு இதென்ன பெரிய வேலையே?"

நான் எதைச் சொன்னேன் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

சிவப்பு அவரைக்குப் பதிலாகச் சிவப்புக் கௌப்பிப் பயறு, ஒட்டும் அரிசிக்குப் பதிலாகப் பச்சையரிசி என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டுக் கிணற்றில் உப்புக் கலந்த சவர்த் தண்ணீர். சமையலுக்கு நல்ல தண்ணீரைத் தூரத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வருவோம். சவர்த் தண்ணீரில் பயறோ பருப்போ வேகாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வியாழக்கிழமை பின்னேரம் நல்ல தண்ணீர்க் குடம் நிறைந்திருந்தது. நான் வீட்டுக் கிணற்றில் அள்ளிக் கௌப்பியை ஊறவைத்தேன். மறுநாள் காலை அதே கிணற்றுத் தண்ணீரில்தான் அடுப்பிலும் ஏற்றினேன். மூன்று மணித்தியாலம் எரித்தும் கௌப்பி நசியவில்லை. உரலில் போட்டுக் குத்திச் சீனி போட்டேன். அதை உள்ளே வைத்து உருட்டும்போது மா வெடித்து வெடித்துப் போனதை ஈரக் கையால் தடவி மூடினேன்.

அம்மா குசினிக்குள் எட்டிப் பார்த்தார்.

"வாயிலை வைச்சுப் போடாதை. வெள்ளிக்கிழமை. முதல் பிள்ளையாருக்கு."

பார்வைக்கு மோதகம் போல இருந்ததால் அதற்கும் மோதகத்தின் சட்டம்தான். படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக்கூடாது. நான் நம்பியிருந்ததும் அந்தச் சட்டத்தைத்தான். சாமிப் படத்தடியில் ஐந்தை வைத்து எடுத்த கையோடு, மிச்சத்தைத் தட்டில் அடுக்கி வந்தவர்களுக்கு முன்னால் கொண்டுபோனேன்.

தாயார் ஒன்றை எடுத்துக் கடித்தார். பல்லுக்குள் கௌப்பி நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

"உப்புக் கரிக்குது," என்றார்.

இனிச் சரி, எழும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

"யப்பான்காரர் இப்பிடித்தான் தின்னுவினமாக்கும்," என்றார் சின்னம்மா. "பச்சை மீன் தின்னிற சனமெல்லே. குடுமி இல்லாத மோதகம் அக்கா இது. பல்லிருக்கிற ஆக்களுக்குத்தான் சரி."

ஐயா ஒன்றை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார். "சப்பச் சப்பத்தான் ருசி தெரியுது," என்றார்.

தாயார் என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, மகன் எழுதின மாதிரியே செய்தனீரோ?"

"ஓம்."

"கெட்டிக்காரி. அவன் கேட்டது இதைத்தான்." இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

நான் விட்ட பிழை அப்போதுதான் விளங்கியது. அந்த விறாந்தையில் இருந்த ஒருவரும் இந்தப் பலகாரத்தை முன்பின் தின்றதில்லை. அது கெட்டுப்போனது என்று சொல்ல அங்கே ஆளில்லை. நான் கெடுத்திருக்க வேண்டியது மோதகத்தை. வேகாத மோதகம் வைத்தவள் என்ற கதை பொழுதுபடுமுன் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போயிருக்கும்.

தேத்தண்ணி குடித்து முடியுமுன் ஐயா நாள் பார்க்கும் பேச்சை எடுத்தார். தை என்றார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு என் நாட்குறிப்புக் கொப்பியில் எழுதினேன்: "27.9.85. சம்மதம் சொல்லியாயிற்று." தையில் அவர் லீவில் வந்தார், கலியாணம் நடந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு என் அண்ணை வேறொரு கதை சொன்னார். ஐயா வாக்குக் கொடுத்தது அந்த வெள்ளிக்கிழமை அல்லவாம். ஆவணியிலேயே, இறங்குதுறையில் மாப்பிள்ளையின் தகப்பனாரைக் கண்டபோது கொடுத்துவிட்டாராம்.

"நீ என்னத்தை அவிச்சு வைச்சிருந்தாலும் உன்னை அவைக்குத்தான் குடுத்திருப்பினம்," என்றார். "நான் பக்கத்திலை நிண்டனான்."

ஆனால் அந்த ஆவணி முழுவதும் அண்ணை வேலை காரணமாக வவுனியாவில் இருந்ததாக என் கொப்பி சொல்கிறது. ஐயாவும் அந்தத் தகப்பனாரும் இப்போது இல்லை. அம்மா தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். வாக்குக் கொடுக்கப்பட்ட திகதியை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.