ரங்கூன்காரி கடையின் பெஞ்சு

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிற நேரத்துக்குள்ளேயே வயிறாரச் சாப்பிட்டுவிட முடியும் என்று எங்களுக்குக் காட்டியவள் மீனம்பாள். அதற்கு முன்னால் இங்கே கிளப்புக் கடைகள்தான். உள்ளே போனால் உட்காரச் சொல்லுவார்கள். இலை வரும், தண்ணீர் தெளிக்க வேண்டும். அப்புறம் கல்லாவிலிருந்து குரல் வரும்: "எந்த ஊரு? யாரு வூடு?" பதில் தெரிந்த பிறகுதான் இட்லி எங்கே போகும் என்று முடிவாகும். மேசைக்கும் போகலாம், பின்பக்கச் சந்துக்கும் போகலாம். இந்த விசாரணை முடிவதற்குள் திண்டிவனம் பஸ்காரன் ஆரன் அடித்துவிடுவான்.

பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்த சமயத்தில் மீனம்பாளும் வந்தாள். புருஷன் ஆதிமூலம் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், அங்கேயே காலமாகிவிட்டான். துறைமுகத்துப் பக்கம் ஒரு சந்தில் இவள் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தாள். அவள் கொண்டுவந்தது ஒரு பெட்டி பீங்கான் கிண்ணம். ஒவ்வொன்றையும் பழந்துணியில் சுற்றிக் குழந்தை மாதிரி கொண்டுவந்திருந்தாள்.

வெள்ளை ரவிக்கை, உச்சியில் தூக்கிக் கட்டிய கொண்டை, அதில் ஒரு சீப்பு. பேச்சிலும் ரங்கூன் இழுவை. மல்லாட்டைக் கடலை மண்டி பாலசுப்பிரமணியன் மொதலாளி அவளைப் பார்த்தார். ரங்கூனில் கடை வைத்திருந்தவள் என்றால் கடை வைக்கிற சாதியாகத்தான் இருக்கும் என்று தமக்குத் தாமே கணக்குப் போட்டுக்கொண்டார். எங்கள் கடைத்தெருக்காரர்களுக்கு வேறு மாதிரி நினைக்கத் தெரியாது. மண்டிக்கு முன்னால் இடம் விட்டார். ஒரு பெஞ்சும் கொடுத்தார்.

அடுப்பில் வாழைத்தண்டு சூப்பு கொதித்தபடி இருக்கும். அரிசிச் சேவையைக் கிண்ணத்தில் போட்டு, வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைவாள். மேலே சூப்பு. சாப்பிட்ட கிண்ணத்தை அங்கேயே கழுவி அடுத்தவருக்கு வைப்பாள். நான் பக்கத்தில்தான் பூக்கூடை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பூ ஒரு முழம் கட்டுவதற்குள் ஒரு ஆள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்.

கண்டக்டர் ராஜாங்கம் முதல் நாளே வம்புக்கு இழுத்தான். "இன்னா அக்கா இது, இடியாப்பத்துல ரசத்தெ ஊத்திட்டியா?"

"துன்னு பாத்துட்டுப் பேசு. ரங்கூன்ல இதுக்கு அடிதடி நடக்கும்."

"அடிச்சிக்கினதாலதான் உன்னெக் கப்பல் ஏத்திட்டாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அங்கே எப்படி என்று கேட்டால் சேவையைப் பிசைந்துகொண்டே சொல்லுவாள். துறைமுகத்தில் சங்கு ஊதினால் மூட்டைக்காரன், சீனாக்காரன், பர்மாக்காரன், ஆபீஸ் குமாஸ்தா எல்லாரும் ஓடிவந்து பானையைச் சுற்றி உட்காருவார்களாம். மறு சங்குக்குள் சாப்பிட்டாக வேண்டும். யார் எவர் என்று கேட்க எவனுக்கும் நேரம் கிடையாது. "காரம் போடட்டா, வேணாமா? அவ்ளோதான் கேக்கணும்" என்பாள். அதற்காக அந்த ஊர் சொர்க்கம் என்றும் சொல்லமாட்டாள். "ரோட்ல போனா நம்மளெத் திட்டுவான். பெஞ்சில உக்காந்தா வாயெ மூடிக்கினு துன்னுவான்."

சில மாசம் இப்படியே போனது. மொதலாளியே தினம் உச்சிவேளையில் வந்து இரண்டு கிண்ணம் சாப்பிடுவார். டிரைவர் செல்லப்பன் அவர் பக்கத்தில் உட்காருவான்.

ஒரு நாள் மொதலாளி இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார். மண்டிப் பின்கட்டில் மல்லாட்டை உடைக்க சிங்கவரம் சேரியிலிருந்து வருகிற, அதுவரை கடைப் பக்கமே வராத சின்னப்பொண்ணு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள். "ஏ மீனா! ஒரு கொட்டாங்குச்சில ஊத்தி அங்க வச்சிடு, எடுத்துக்கினு போயிடறேன். பசி தாங்கல."

"எங்கிட்ட கொட்டாங்குச்சி இல்ல. கிண்ணந்தான் இருக்குது. வந்து உக்காரு."

"வேணான்டி. ஆளுங்க இருக்குறாங்க."

"ஆளுங்க உக்காரத்தான் பெஞ்சு. நீ இன்னா ஆடா, மாடா? வா அக்கா."

அந்த 'அக்கா' மொதலாளி காதில் விழுந்தது. கிண்ணம் வாய்க்குப் போகாமல் நின்றது. "யாரும்மா அது உனக்கு?"

"கூடப் பொறந்தவ மொதலாளி. நாங்க சிங்கவரம்."

சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய் அக்காள் கையைப் பிடித்து இழுத்துவந்து பெஞ்சில் உட்கார்த்தினாள். மொதலாளி எழுந்தார். கிண்ணத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெஞ்சில் சின்னப்பொண்ணு மட்டும் இருந்தாள். அவளும் பாதி பெஞ்சில், ஓடிவிடத் தயாராக.

சாயங்காலம் மொதலாளி தனியாக வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"இந்தாம்மா, அவ பாத்திரம் தேய்க்க வந்தவன்னு சொல்லிடு. மீதிய நான் சமாளிச்சுக்கறேன்."

"அப்போ நான் யாரு மொதலாளி?"

"நீ ரங்கூன்காரி. அப்படியே இருந்துட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?"

"நீங்க கேக்கல. கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

"கடை வச்சிருந்தேன்னு சொன்னியே!"

"வச்சிருந்தேன்தான். அங்க கடை வைக்க ஆக்கத் தெரிஞ்சாப் போதும்."

அவர் முகம் கறுத்தது. "எங்கூட்டு சனம் என்னெக் காறித் துப்பும். எடத்தெக் காலி பண்ணு. இப்பவே."

"காலையில பண்றேன். இப்போ பானையில சூப்பு இருக்குது. பசிச்சவங்க வருவாங்க."

யாரும் வரவில்லை. இருட்டுகிற வரைக்கும் அவள் அடுப்பை அணைக்கவும் இல்லை. எங்கள் சிங்கவரத்துப் பெருமாள் மலைமேல் படுத்தபடியே எல்லாரையும் பார்க்கிறவர். 'அப்பனே, இவளையும் கொஞ்சம் பாரு' என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

காலையில் மொதலாளியின் பெஞ்சை அவர் வாசலிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, பானையும் கிண்ணப் பெட்டியுமாகக் கிளம்பினாள். திருவண்ணாமலை ரோடு திரும்புகிற இடத்தில், என் பூக்கூடைக்குக் கூப்பிடு தூரத்தில், சர்க்கார் புறம்போக்கு. கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள். இரண்டு கட்டைமேல் பலகை போட்டு பெஞ்சு ஆக்கினாள். அக்காளைக் கூப்பிட்டு முதலில் உட்கார வைத்தாள்.

கடைத்தெரு ஆட்கள் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸை விட்டு யாராவது அந்தப் பக்கம் நடந்தால், "யாரு கைன்னு தெரிஞ்சுதான் போறியா?" என்று காதைக் கடித்தார்கள். பார்த்தாள் மீனம்பாள். அந்த வேலையை அவர்களிடமிருந்தே பிடுங்கிக்கொண்டாள். பஸ் திரும்பும்போது கரண்டியால் பானையைத் தட்டி அவளே சத்தம் போட்டாள்: "சிங்கவரம் சேரி மீனம்பா கடை! எங்க அக்கா தோ உக்காந்துக்கினு இருக்கா! வேணும்னா பக்கத்துல உக்காரு, வேணாம்னா பஸ்ஸுல குந்து!"

பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலில் சிலர் சிரித்தார்கள். ஒருவன் துப்பினான். அவளுடைய சேரி ஜனமே பயந்து எட்டி நின்றது. "எதுக்குடி இந்த வீம்பு? நான் வூட்டுக்குப் போறேன்" என்று சின்னப்பொண்ணு அழுதாள். "நீ எழுந்தா நான் பானையெ ஒடச்சிடுவேன்" என்றாள் தங்கை.

அப்படி ஒரு உச்சிவேளையில்தான் செல்லப்பனுடைய பஸ் அங்கே பிரேக் போட்டு நின்றது.

"அண்ணே, இங்க ஸ்டாப்பிங் இல்ல" என்றான் ராஜாங்கம். "ஊர்ல பேசுவாங்க."

"பேசுறவன் வந்து வண்டி ஓட்டட்டும். அந்தக் கிளப்புல நாலு நாளா இலைக்குக் காத்துக்கினு பட்டினியா ஓட்டுறேன்."

இறங்கி நேரே வந்தான். ஆம்பளை ஆளைக் கண்டதும் சின்னப்பொண்ணு பழக்கத்தில் எழுந்துவிட்டாள். பலகை ஒரு பக்கம் சாயப் பார்த்தது.

"நீ எழுந்துட்டா, நான் உக்காந்ததும் பலகை கவுந்து கீழ வுழுவேன். உக்காரு அக்கா. கொஞ்சம் நகுந்து உக்காரு" என்றான் செல்லப்பன்.

அவள் தங்கையைப் பார்த்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை முகத்தையும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, ஒரு சாண் நகர்ந்தாள். அவன் பக்கத்தில் அமர்ந்தான். தோளோடு தோள் இடித்தது. மீனம்பாள் இரண்டு கிண்ணத்தையும் ஒன்றாக நீட்டினாள்.

முணகிக்கொண்டே ராஜாங்கமும் இறங்கினான். அவனுக்குப் பின்னால் நெற்றியில் பட்டை போட்ட ஒரு பெரியவரும் இன்னும் சிலரும் வந்தார்கள். பலகையில் இடம் போதவில்லை. மிச்சம் பேர் பஸ்ஸிலேயே பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். மீனம்பாள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடை இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. திருவண்ணாமலை பஸ்கள் எல்லாம் நிற்கின்றன. சாப்பிடாமல் போகிறவர்களும் உண்டு, நிறைய உண்டு. மொதலாளி அந்த வழியே போனால் குடையை இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்கிறார். போன வாரம் நான் மீனம்பாளிடம், "பாவம், அவருக்கு உன் சூப்பு மேல ஆசைதான்" என்று சொன்னேன்.

"பசிச்சா வரட்டும் அக்கா" என்றாள், கிண்ணத்தைக் கழுவியபடி. "ஆனா எங்க அக்கா எழுந்துக்க மாட்டா. அவருதான் எடம் கேட்டு உக்காரணும்."