வாங்கில் மிச்சமிருந்த இடம்

பாரிஸில் அந்தச் சாப்பாட்டுக்கடை நிரம்பியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு வயதான பெண் தேநீரோடு என் மேசைக்கு வந்து அமர்ந்தார். சீனியைக் கோப்பையில் போடாமல் உள்ளங்கையில் கொட்டி, அதை நக்கி நக்கித் தேநீரைக் குடித்தார்.

இப்படிக் குடிப்பதை முதலில் பார்த்தபோது எனக்கு ஏழு வயது. காய்ச்சலில் கிடந்த என்னை விசுவமடுவிலிருந்து முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் லெட்சுமியக்கா. எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர். பஸ்ஸிலிருந்து இறங்கி, என்னைத் தோளில் சுமந்தே நடந்தார்.

திரும்பும் வழியில் தேத்தண்ணிக்கடையின் நீண்ட மர வாங்கில் இருவரும் அமர்ந்தோம்.

“பிள்ளை இருக்கட்டும். நீ வெளியில நிண்டு குடி,” என்றார் கடைக்காரர்.

எனக்குக் கண்ணாடிக் கிளாஸ், அவருக்குத் தகரப் பேணி. கை பட்டுவிடாமல் உயரத்திலிருந்து அவருடைய உள்ளங்கையில் சீனி விழுந்தது. அவர் வெயிலில் நின்று குடித்தார். வாங்கில் இன்னும் மூன்று பேர் இருக்க இடமிருந்தது. நான் ஊதி ஊதிக் குடித்து முடித்தேன்.

வீட்டில் அம்மா கேட்டார்: “அவள் கடைக்கு உள்ளுக்கை இருந்தவளோ?”

“இல்லையம்மா, வெளியில நிண்டுதான் குடிச்சவள்.”

அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமை.

மேசைக்கு எதிரில் இருந்த அந்த வயதான பெண் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்து, மலையகப் பேச்சில் கேட்டார். “உங்களுக்கு எந்த ஊரும்மா?”

விசுவமடு என்று சொல்ல வாயெடுத்து, கொழும்பு என்றேன்.